கடல்நீரும் ஜலவாயுவும்

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றத்தின் வழியே மாமல்லபுரம் செல்வோர் பல்லவர் கற்றளிகளைக் கண்டு மகிழ்ந்து மீள்வர். கடற்கரைச் சாலையில் இன்னும் சிறிது வடக்கே சென்றால் நெம்மேலி என்னும் ஊர் உண்டு. அங்கே கடல்நீரைக் குடிநீராக்கி நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் ஆலை 2013-இல் தொடங்கிற்று. 15 கோடி லிட்டர் தரும் இரண்டாம் ஆலை 2024-இல் திறக்கப்பெற்றது. இவற்றின் உயிர்நிலை ஒரு மெல்லிய சவ்வே.

உலர்ந்த திராட்சையை நீரிலிட்டால் அது பருக்கின்றது. புறத்துள்ள நீர் தோலைக் கடந்து, இனிப்புச் செறிந்த உட்புறம் புகுதலே காரணம். இவ்வியற்கைப் போக்கை மாற்றுவதே நெம்மேலியின் தொழில். காற்றழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 60 மடங்கு அழுத்தத்தால் கடல்நீரைச் சவ்வின்மேல் நெருக்க, நீர் கடந்து செல்லும், உப்புப் பின்தங்கும்.

நிற்க. நீரிலிருந்து ஹைட்ரஜன் என்னும் ஜலவாயுவைப் பிரிப்பதற்கும் சவ்வு துணையாகின்றது. 1800-இல் நிக்கல்சன், கார்லைல் என்னும் ஆங்கிலேயர் இருவர் மின்சாரத்தால் நீரைப் பிரித்தனர். பிரிந்த ஜலவாயுவும் பிராணவாயுவும் கலப்பின், சிறு பொறியும் வெடி விளைக்கும். ஆதலின் இக்காலத்து மின்பகுப்புக் கலங்களில் ஒருவகையில் இரண்டிற்கும் இடையே சவ்வு வைக்கப்படுகின்றது. அது ஜலவாயு அணுவின் கருவாகிய புரோட்டானுக்கு வழிவிட்டு, வாயுக்களைத் தடுக்கும். கடல்நீரை நேரே ஊற்றினால் உப்பிலுள்ள குளோரின் வெளிப்பட்டுக் கலத்தைக் கெடுக்கும். எனவே முதற்சவ்வின் பணி முடிந்த பின்னரே இரண்டாவதன் பணி தொடங்கும்.

எரிந்தபின் நீராகவே மீளும் இவ்வாயுவை 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் ஆக்க வேண்டுமென 2023-இல் இந்திய அரசு திட்டம் வகுத்தது. 1 கிலோ ஜலவாயுவுக்குக் குறைந்தது 9 லிட்டர் நீர் வேண்டும். அங்ஙனமாயின், நெம்மேலியின் முதல் ஆலை 450 நாளில் தரும் நீரத்தனையும் ஓராண்டுக்கே செலவாகும். அந்நீரை எங்கே பெறுவது? 2019-இல் சென்னையின் ஏரிகள் வற்ற, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்ததை நாம் மறக்கலாகாது.

கணக்கொன்று நம் ஐயத்தை நீக்கும். 1 கிலோ ஜலவாயுவைப் பிரிக்க ஏறக்குறைய 50 யூனிட் மின்சாரம் செல்லும். அதற்கு வேண்டிய 9 லிட்டர் நீரைக் கடலினின்று பெறவோ, 1 யூனிட்டில் 25-இல் ஒரு பங்கே போதும். பின்னும் தூய்மை செய்ய வேண்டியிருப்பினும், கடலருகே அமையும் ஆலைகள் ஏரிநீரை நாடுதற்குச் செலவு ஒரு காரணமாகாது என்பது வெளிப்படை.

ஆயினும் இரண்டு கடமைகள் உள. மின்சாரம் வெயிலினின்றோ காற்றினின்றோ வருதல் வேண்டும்; நிலக்கரியினின்று வருமாயின் புகை இடம் மாறுமேயன்றி ஒழியாது. சவ்வு விலக்கிய மிகை உவர்நீரும், மீனவர் வலைவீசும் கடலுக்குக் கேடு விளையாதவாறு கலக்கப்படல் வேண்டும். ஊரார் குடத்து நீரையும் மீனவர் வலையையும் காத்தபின் பெறும் எரிபொருளே நாட்டிற்கு ஆக்கமாம் என்பது எம் துணிபு.