வாடை இல்லாத காற்றும் கொல்லும்

பெரம்பலூர், அரியலூர் பக்கம் தண்ணீர் கீழே போய்விட்டால் வெடி வைத்துக் கிணற்றை ஆழப்படுத்துவது வழக்கம். 2020 ஜூலையில் பெரம்பலூர் அருகே செல்லியம்பாளையத்தில் அப்படியொரு கிணற்றில் இறங்கியவர் விஷவாயு தாக்கி இறந்தார். மீட்கப் போன தீயணைப்பு வீரர் ஒருவரும் உயிரிழந்தார். ஆனாலும் கிணற்று மேட்டில் நின்று மோந்து பார்த்துவிட்டு, “வாடை ஒண்ணும் இல்ல, இறங்கு” என்று சொல்லும் பழக்கம் நம்மை விட்டபாடில்லை.

நம்பிக்கை: கெட்ட வாடை இல்லையென்றால் விஷவாயு இல்லை.

உண்மை: கார்பன் மோனாக்சைடு, கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன் மூன்றுக்குமே வாடை கிடையாது. வெடி வெடித்ததும் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். காற்றோட்டமில்லாத குழியில் அது தங்கிவிடும். கார்பன் டை ஆக்சைடு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம் என்பதால் அடியில் படியும். சமையல் சிலிண்டர் வாயுவுக்கும் சொந்தமாக வாடை இல்லை. கசிந்தால் தெரியட்டும் என்று எத்தில் மெர்காப்டன் சேர்க்கிறார்கள். கிணற்றுக்குள் அந்த வசதி இல்லை.

நம்பிக்கை: வாடை அடங்கிவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டது.

உண்மை: செப்டிக் டேங்கில் உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் கூமுட்டை நாற்றம் அடிக்கும். பத்து லட்சம் பங்கு காற்றில் அது 100 பங்கைத் தொட்டால் சில நிமிடங்களில் மூக்கு மரத்துப்போகும். வாயு அப்படியே இருக்கும், நாற்றம் மட்டும் தெரியாது. அளவு இன்னும் கூடினால் ஓரிரு மூச்சிலேயே ஆள் சாய்ந்துவிடுவார்.

நம்பிக்கை: விளக்கை இறக்கிப் பார்த்தால் போதும்.

உண்மை: ஆக்சிஜன் மிகவும் குறைந்தால்தான் சுடர் அணையும். ஆளைக் கொல்லும் அளவுக்குக் கார்பன் மோனாக்சைடு இருந்தாலும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். மீத்தேன் இருந்தால் அதே சுடரே வெடிப்புக்குக் காரணமாகும்.

நம்பிக்கை: நாற்றம்தான் நோயைக் கொண்டுவரும்.

உண்மை: லண்டனிலும் ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பினார்கள். காலரா குடிநீரில் பரவுகிறது என்று 1854இல் ஜான் ஸ்னோ எடுத்துக்காட்டினார். நம் ஊரிலேயே பாருங்கள். எறையூர் சர்க்கரை ஆலைக் கழிவான பிரஸ்மட் நாறினாலும், மக்கவைத்தால் வயலுக்கு நல்ல உரம். அரியலூர் சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பும் புழுதிக்கு வாடையே இல்லை. நுரையீரலைக் கெடுப்பது அதுதான்.

கிணறோ தொட்டியோ, வாயுவை அளக்கும் கருவியால் சோதிக்காமல் ஒருவரும் இறங்கக் கூடாது. உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், பெற்ற பிள்ளையே ஆனாலும் பின்னால் குதிக்காதீர்கள். இரண்டாவது சாவு அப்படித்தான் நேர்கிறது. உடனே 101 அல்லது 112க்குப் போன் செய்யுங்கள். செப்டிக் டேங்க் சுத்தம் செய்ய 14420ஐ அழைத்து வண்டியை வரவழையுங்கள். பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் டேங்குக்குள் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கூலிக்கு வந்தவர் தானாகவே இறங்கத் துணிந்தாலும் தடுத்து நிறுத்த வேண்டியவர் வீட்டுக்காரர்தான்.