கல்லூரிக் கால்பந்தாட்டச் சாதனையும் தொழில்முறைப் பயிற்சியாளர் தெரிவும்

ஒருவருடைய கடந்தகாலச் சாதனையைக் கொண்டு அவருடைய வருங்காலத் திறமையை மதிப்பிடுவது எங்கும் வழங்கிவரும் முறையாகும். பரீட்சையில் பெற்ற மதிப்பெண்களைப் பார்த்து உத்தியோகம் அளிக்கப்படுகிறது. சிறிய அணையைக் கட்டி முடித்த பொறியியல் வல்லுநரிடம் பெரிய அணையின் பொறுப்பு ஒப்படைக்கப்படுகிறது. இம்முறை எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பதை அளந்தறிவது எளிதன்று. பெரும்பாலான தொழில்களில் வெற்றி தோல்விகளுக்குத் திட்டமான கணக்கு வைக்கப்படாமையே இதற்குக் காரணமாகும். விளையாட்டுத் துறை இதற்கு ஒரு விலக்கு. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கல்லூரிக் கால்பந்தாட்ட அணிகளைப் பயிற்றுவித்து வெற்றி கண்டவர்கள் தொழில்முறை அணிகளின் தலைமைப் பயிற்சிக்குப் பல கோடி ரூபாய்க்கு ஈடான ஊதியத்தில் அமர்த்தப்படுகின்றனர். இரு நிலைகளிலும் அவர்கள் பெற்ற வெற்றிகளும் தோல்விகளும் ஆண்டுவாரியாகப் பதிவாகியுள்ளன. ஆகவே, முதலாவது பதிவு இரண்டாவதை முன்னறிவிக்கிறதா என்னும் வினாவைப் புள்ளிவிவர இயலின் துணைகொண்டு ஆராய்தல் கூடும்.

இங்குக் கூறப்படும் ஆட்டம் நம் நாட்டில் காலால் உதைத்து ஆடப்படும் கால்பந்து அன்று. அமெரிக்கக் கால்பந்தில் முட்டை வடிவமான பந்தைக் கையில் ஏந்தி ஓடுவர், எறிந்தும் பிடிப்பர். பக்கத்துக்கு 11 பேர் ஆடுவர். ஒவ்வொரு முயற்சிக்குப் பின்னரும் ஆட்டம் நின்று, அடுத்த முயற்சிக்கான திட்டம் வகுக்கப்படும். தாக்குதலை நடத்தி வைப்பவர் குவார்ட்டர்பேக் எனப்படும் ஆட்டக்காரர். திட்டங்களை வகுப்பதும், எந்த நேரத்தில் எதனைக் கையாள்வது என்று முடிவு செய்வதும் பயிற்சியாளரின் பொறுப்பாகையால், அவருடைய நிலை படைத்தலைவர் ஒருவரின் நிலையை ஒத்ததாகும். பயிற்சியாளரின் சாதனை என்று ஒன்றைத் தனியே பிரித்துப் பேசுவதற்கு இதுவே இடமளிக்கிறது.

சான்றுகள் முதற்பார்வையில் மனத்தைக் குழப்புவன. ஸ்டீவ் ஸ்பரியர் 1990 முதல் 2001 வரை ஃபுளோரிடாப் பல்கலைக்கழக அணியை நடத்தி, 122 ஆட்டங்களில் வென்று 27-இல் தோற்றார், ஒன்று சமனாயிற்று. ஏறத்தாழ 100-க்கு 82 என்பது இவ்விகிதம். பின்னர் வாஷிங்டன் தொழில்முறை அணியை ஏற்று, 2002, 2003 ஆகிய இரு பருவங்களில் 12 வெற்றியும் 20 தோல்வியும் பெற்றுப் பதவி துறந்தார். ஃபுளோரிடாவில் தம்மிடம் பயின்ற இரு குவார்ட்டர்பேக்குகளை அவர் அங்கும் வரவழைத்துப் பார்த்தார், பயன் விளையவில்லை. அர்பன் மேயர் கல்லூரி நிலையில் 187 வெற்றியும் 32 தோல்வியும் கண்டு மூன்று முறை தேசிய வாகை சூடியவர்; 2021-இல் ஜாக்சன்வில் அணியில் 13 ஆட்டங்களில் 2-இல் மட்டுமே வென்று, பருவம் முடியுமுன்பே நீக்கப்பட்டார். அதற்கு நெடுங்காலம் முன்னரே பட் வில்கின்சனின் வரலாறு இத்தகையதாயிற்று. ஓக்லஹோமா அணியை 1953 முதல் 1957 வரை தொடர்ச்சியாக 47 ஆட்டங்களில் வெல்லச் செய்த அப்பெருமகனார், 1978, 1979 ஆண்டுகளில் செயின்ட் லூயி அணியில் 9 வெற்றியும் 20 தோல்வியுமே பெற்றார்.

மறுபுறமும் பெயர்கள் உண்டு. மயாமிப் பல்கலைக்கழகத்தில் 52 வெற்றியும் 9 தோல்வியும் பெற்ற ஜிம்மி ஜான்சன், 1989-இல் டல்லஸ் அணியை ஏற்ற முதற்பருவத்தில் 16 ஆட்டங்களில் 15-இல் தோற்றார். ஆயினும் 1992, 1993 பருவங்களில் அதே அணி சூப்பர் பவுல் என்னும் இறுதிப் போட்டியில் வாகை சூடிற்று. அவருக்குப் பின் அப்பொறுப்பை ஏற்ற பேரி சுவிட்சர், ஓக்லஹோமாவில் 157 வெற்றிகளைக் குவித்தவர். 1995 பருவத்தில் அவரும் சூப்பர் பவுலை வென்றார். ஆனால் அவர் கையில் வந்தது ஜான்சன் உருவாக்கி விட்டுச் சென்ற அணி என்பதை மறத்தல் ஆகாது. வெற்றியில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பது இங்கேயே சிக்கலாகிவிடுகிறது.

இவ்வாறு பெயர்களை அடுக்கி எந்த முடிவையும் நிலைநாட்டிவிடலாம். தோல்வியடைந்தவர்களை மட்டும் நினைவில் வைத்திருப்பவர், கல்லூரிச் சாதனை பயனற்றது என்பார். ஜான்சனை நினைப்பவர் அதற்கு மாறாகக் கூறுவார். தேர்ந்தெடுத்த உதாரணங்கள் விளக்கத்துக்கு உதவுமேயன்றிச் சான்றாகமாட்டா. ஆகையால், அப்பதிவுகள் எவ்வாறு உண்டாகின்றன என்பதையே முதலில் நோக்க வேண்டும்.

கல்லூரி ஆட்டத்தின் மேல்வகுப்பில் 130-க்கும் மேற்பட்ட அணிகள் உள்ளன. இவற்றுக்கிடையே வலிமையில் பெரும் ஏற்றத்தாழ்வு உண்டு. அணிக்கு 85 உபகாரச் சம்பளங்கள் என்னும் வரம்பு பல ஆண்டுகள் நடைமுறையில் இருந்ததாயினும், யாருக்கு அவை செல்லும் என்பது சமமாக இருந்ததில்லை. உயர்நிலைப் பள்ளியில் புகழ்பெற்ற இளைஞன், பழம்பெருமையும் பெரிய விளையாட்டரங்கமும் செல்வமும் உடைய நிறுவனத்தையே நாடுகிறான். பயிற்சியாளர் அவன் வீட்டுக்கே சென்று பெற்றோருடன் பேசி அழைத்து வருகிறார். இவ்வழைப்புத் திறமையே கல்லூரிப் பயிற்சியாளரின் தொழிலில் பாதி எனலாம். மேலும், வலிய அணிகள் பருவத் தொடக்கத்தில் தம்மினும் மிக மெலிந்த அணிகளை அழைத்து ஆடுவது வழக்கம். ஆகவே, 12 ஆட்டங்களில் 10 வெற்றி என்னும் எண்ணில் பயிற்சியாளரின் திறமை, நிறுவனத்தின் செல்வாக்கு, எதிரிகளின் மெலிவு ஆகிய மூன்றும் கலந்துள்ளன. இவற்றைப் பிரித்துக் காட்டும் அடையாளம் எதுவும் அவ்வெண்ணில் இல்லை.

தொழில்முறை லீகின் அமைப்போ ஏற்றத்தாழ்வை வேண்டுமென்றே அழிப்பது. அதில் 32 அணிகளே உண்டு. 1936 முதல் நடைபெற்றுவரும் டிராஃப்ட் என்னும் ஆட்டக்காரர் தெரிவில், முந்திய பருவத்தில் கடைநிலை எய்திய அணிக்கே முதல் வாய்ப்பு. 1994 முதல் அணிகளின் மொத்தச் சம்பளத்துக்கு உச்ச வரம்பு விதிக்கப்பட்டுள்ளது. ஆட்டக்காரர்கள் ஊதியத்துக்காக உழைக்கும் வளர்ந்த மனிதர்கள். உபகாரச் சம்பளத்தை நம்பியிருக்கும் மாணவரை அடக்கியாளும் குரல் அவர்களிடம் செல்லாது. லீகினுள் ஓர் அணியின் வெற்றி மற்றோர் அணியின் தோல்வியாதலால், எல்லா அணிகளின் சராசரியும் 100-க்கு 50 என்றே அமைய வேண்டும். கல்லூரியில் 100-க்கு 80 பெற்ற பத்துப் பேர் ஒரே காலத்தில் தொழில்முறை அணிகளை ஏற்றாலும், அவர்களுள் பலர் 50-ஐ ஒட்டியே நிற்பர். ஆகவே, விகிதம் இறங்குவதைக் கண்டவுடனே அதனைத் தோல்வி என்று முடிவு கட்டுவது பிழை. ஆரெகன் பல்கலைக்கழகத்தில் 46 வெற்றியும் 7 தோல்வியும் பெற்ற சிப் கெல்லி, பிலடெல்ஃபியா அணியில் 26 வெற்றியும் 21 தோல்வியும் பெற்றார். 87 என்னும் விகிதம் 55-ஆக இறங்கியது வீழ்ச்சி போலத் தோன்றினும், 55 என்பது அந்த லீகில் சராசரிக்கு மேற்பட்டதேயாகும். அதன்பின் 2016-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் அவர் 2 வெற்றியும் 14 தோல்வியும் பெற்றது வேறு கதை.

தற்செயலின் பங்கும் சிறிதன்று. முற்றிலும் நடுத்தரமான ஓர் அணி, ஒவ்வோர் ஆட்டத்திலும் வெல்லவும் தோற்கவும் சம வாய்ப்புடையது என்று கொள்வோம். 16 ஆட்டங்கள் கொண்ட பருவத்தில் அதன் எதிர்பார்ப்பு 8 வெற்றி. திட்ட விலக்கம் 2. அவ்வணி 10 அல்லது அதற்கு மேற்பட்ட வெற்றிகள் பெறும் நிகழ்தகவு 100-க்கு ஏறத்தாழ 23. பத்தோ அதற்கு மேலோ தோல்விகள் பெறும் நிகழ்தகவும் அதுவே. அதாவது, திறமையில் யாதொரு மாற்றமும் இன்றியே, நூறு பருவங்களில் 45 பருவங்கள் அளவில் அவ்வணியின் பயிற்சியாளர் மேதையாகவோ மூடராகவோ பத்திரிகைகளில் தோன்றுவார். தொழில்முறையில் பலருக்கு இரண்டு அல்லது மூன்று பருவங்களே அளிக்கப்படுகின்றன என்பதை இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1979-இல் சான் ஃபிரான்சிஸ்கோ அணியை ஏற்ற பில் வால்ஷ் அவ்வாண்டில் 2 வெற்றியும் 14 தோல்வியும் பெற்றார். அன்றே நீக்கப்பட்டிருந்தால், பின்னர் 1981, 1984, 1988 பருவங்களில் அவர் பெற்ற மூன்று சூப்பர் பவுல் வெற்றிகள் இராமற்போயிருக்கும். கல்லூரிப் பயிற்சியாளர் தொழில்முறைக்கு ஒவ்வார் என்பதற்கு அவர் பெயரும் ஓர் உதாரணமாகக் கூறப்பட்டிருக்கும்.

இவ்வாராய்ச்சியில் எளிதில் கண்ணுக்குப் புலப்படாத இடர் ஒன்றுண்டு. தொழில்முறைப் பதவிக்கு அழைக்கப்படுபவர் பெரும்பாலும் கல்லூரியில் மிகச் சிறந்து விளங்கியவரே. 100-க்கு 40 வென்றவர் அழைக்கப்படுவது அரிது. எனவே, 75 வென்றவரையும் 85 வென்றவரையும் தம்முள் ஒப்பிடும் வாய்ப்பே ஆராய்ச்சியாளருக்குக் கிடைக்கிறது. இக்குறுகிய எல்லைக்குள் ஒட்டுறவு மெலிந்து தோன்றுவது இயல்பு. தெரிவு செய்யப்பட்டவர்களை மட்டும் அளந்தால் ஒட்டுறவு குறைந்து காணப்படும் என்பதைக் கார்ல் பியர்சன் 1903-ஆம் ஆண்டிலேயே கணித முறையில் விளக்கினார். பரீட்சையின் மூலம் எடுக்கப்பட்ட அதிகாரிகளுள் முதலிடம் பெற்றவரும் நூறாம் இடம் பெற்றவரும் வேலையில் ஏறத்தாழ ஒரே தரமாக இருப்பதைக் கண்டு, பரீட்சையே வீண் என்று சொல்லுவார் உண்டு. தேறாதவர்கள் அவ்வேலையைச் செய்திருந்தால் எவ்வாறு செய்திருப்பர் என்பது அவர்களுக்குத் தெரியாது. கால்பந்தாட்டத்திலும் அதே நிலைதான். கல்லூரிச் சாதனை முன்னறிவிக்கவில்லை என்பதும், அழைக்கப்பட்டவர்களுக்குள் அது வேறுபாட்டைக் காட்டவில்லை என்பதும் வெவ்வேறு கூற்றுகள். கிடைக்கும் பதிவுகள் இரண்டாவதையே ஆதரிக்க வல்லவை.

இதனோடு தொடர்புடையது சராசரியை நோக்கித் திரும்புதல் என்னும் நியதி. பிரான்சிஸ் கால்ட்டன் 1886-இல் பெற்றோரின் உயரத்தையும் மக்களின் உயரத்தையும் ஒப்பிட்டு, மிக நெடிய பெற்றோரின் மக்கள் சராசரியை விட நெடியராயினும் பெற்றோரளவு நெடியராக இருப்பதில்லை என்று கண்டார். மிகச் சிறந்த பதிவு எதிலும் திறமையோடு நல்வாய்ப்பும் கலந்திருக்கும். அடுத்த முறை திறமை தங்கும், நல்வாய்ப்பு தங்கவேண்டும் என்பதில்லை. உச்சியில் நிற்கும்போது அழைக்கப்படுபவர் இறங்கிக் காணப்படுவதில் வியப்பில்லை.

அங்ஙனமாயின், வெற்றி விகிதத்தைவிடச் சிறந்த அளவுகோல் உண்டா? ஏற்றபோது அணி எந்நிலையில் இருந்தது, விட்டபோது எந்நிலையில் இருந்தது என்னும் வேறுபாட்டை நோக்கலாம் என்பது ஒரு கருத்து. நிறுவனத்தின் செல்வாக்கு இதனால் ஓரளவு கழிந்துவிடுகிறது. ஜிம் ஹார்பா இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 2006-இல் 1 வெற்றியும் 11 தோல்வியும் பெற்ற ஸ்டான்ஃபோர்டு அணியை அவர் ஏற்று, 2010-இல் 12 வெற்றி, 1 தோல்வி என்னும் நிலைக்குக் கொணர்ந்தார். அங்கு அவருடைய மொத்தக் கணக்கு 29 வெற்றியும் 21 தோல்வியுமே. விகிதத்தை மட்டும் பார்ப்பவருக்கு அது கவர்ச்சியற்றது. எனினும், 2010-இல் 6 வெற்றியே பெற்றிருந்த சான் ஃபிரான்சிஸ்கோ தொழில்முறை அணி, அவர் ஏற்ற 2011-இல் 13 வெற்றிகள் பெற்றது. 2023-இல் 5 வெற்றி பெற்ற லாஸ் ஏஞ்சலஸ் சார்ஜர்ஸ் அணி, 2024-இல் அவர் கீழ் 11 பெற்றது.

ஆனால் இவ்வளவுகோலும் பிழையற்றதன்று. டெம்பிள் அணியை 2013-இல் 2 வெற்றியிலிருந்து 2015-இல் 10 வெற்றிக்கும், பேலர் அணியை 2017-இல் 1 வெற்றியிலிருந்து 2019-இல் 11 வெற்றிக்கும் உயர்த்திய மேட் ரூல், கரோலினா பாந்தர்ஸ் அணியில் 11 வெற்றியும் 27 தோல்வியும் பெற்று 2022-இல் நீக்கப்பட்டார். தொழில்முறை அனுபவமே வேண்டும் என்னும் வாதமும் உறுதியாக நிற்பதில்லை. வால்ஷ் பல ஆண்டுகள் தொழில்முறை அணிகளில் துணைப் பயிற்சியாளராக இருந்தவர். நிக் சேபனும் அவ்வாறே கிளீவ்லாந்தில் நான்கு பருவங்கள் பணியாற்றியவர். ஜான்சனுக்கோ அத்தகைய அனுபவம் சிறிதும் இல்லை. மயாமி டால்ஃபின்ஸ் அணியில் 2005, 2006 பருவங்களில் 15 வெற்றியும் 17 தோல்வியும் பெற்ற சேபனின் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி கருதத்தக்கது. 2006-இல் தோளில் அறுவை சிகிச்சை பெற்றிருந்த டுரூ பிரீஸ் என்னும் குவார்ட்டர்பேக்கை அவ்வணி பெறக்கூடிய நிலையில் இருந்தது. தோளைப் பற்றிய ஐயத்தால் வேறொருவரைத் தெரிந்துகொண்டது. பிரீஸ் நியூ ஆர்லியன்ஸுக்குச் சென்று, 2009 பருவத்தில் சூப்பர் பவுலை வென்றார். சேபன் கல்லூரிக்குத் திரும்பி, அலபாமாவில் ஆறு தேசிய வாகைகளைச் சூடினார். மருத்துவர்கள் ஒரு தோள்மூட்டைப் பற்றிக் கூறிய கருத்து எந்தப் பயிற்சியாளரின் கல்லூரிப் பதிவிலும் அடங்கியிருக்க முடியாது.

எல்லையின் மறுகோடியில் இருப்பவர்களையும் இங்கே குறிப்பிடுதல் தகும். குறைந்த கல்லூரிச் சாதனையுடன் வந்தவர் சிலரே யாதலின், அவர்களுடைய பதிவுகள் அரிய சான்றுகளாகும். பில் பார்செல்ஸ் 1978-இல் வான்படைக் கல்லூரி அணியை ஒரே பருவம் நடத்தி 3 வெற்றியும் 8 தோல்வியும் பெற்றார். பின்னர் நியூ யார்க் ஜயன்ட்ஸ் அணியுடன் 1986, 1990 பருவங்களில் சூப்பர் பவுலை வென்றார். மார்வ் லெவி கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1960 முதல் 1963 வரை 8 வெற்றி, 29 தோல்வி, 3 சமன் என்னும் கணக்குடன் வெளியேறினார். 1990 முதல் நான்கு பருவங்கள் இடையறாது பஃபலோ அணியைச் சூப்பர் பவுல் வரை கொண்டுசென்றார். நான்கிலும் தோற்றாரெனினும், வேறெந்தப் பயிற்சியாளரும் தொடர்ந்து நான்கு முறை அங்குச் சென்றதில்லை. கலிபோர்னியாவில் தோல்விகள் குவிந்துகொண்டிருந்த அவ்வாண்டுகளில் லெவியின் கீழ்த் துணைப் பயிற்சியாளராகப் பணிபுரிந்தவர்களுள் ஒருவர், முன்னர்க் கூறிய பில் வால்ஷ்.