மாத்திரையை நிறுத்துவதும் மருத்துவம்தான்

மனநல மாத்திரை எடுத்துக்கொள்ளும் பலருக்கு, அதை நிறுத்தும் நாளை மருத்துவர் குறித்துத் தருவதில்லை. கல்யாணம் நிச்சயமாகிறது, மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று நிறுத்துகிறார்கள். சபரிமலைக்கு மாலை போட்டதும் ‘இனி எதற்கு இந்த மருந்து’ என்று தோன்றுகிறது. அரசு மருத்துவமனையில் மாதாந்திர மருந்து வாங்கும் நாளன்று கூலி வேலையை விட்டுவிட்டுப் போக முடியவில்லை. எந்தக் காரணமும் இல்லாமல், ‘இப்போது நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்று விட்டுவிடுபவர்களும் உண்டு. மறுநாள் ஒன்றும் ஆவதில்லை. மூன்றாம் நாள் தலை சுற்றுகிறது, தூக்கம் போகிறது, காரணமில்லாமல் அழுகை வருகிறது. இப்படி நடக்கலாம் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லியிருப்பதில்லை. அதனால் அவரவருக்குத் தெரிந்த விளக்கத்தை வீட்டார் சொல்கிறார்கள். அந்த விளக்கங்களில் பலவும் தவறானவை, சில ஆபத்தானவை.

நம்பிக்கை: “மாத்திரையை விட்டதும் எல்லாம் திரும்ப வந்துவிட்டது. நோய் போகவே இல்லை. இனி ஆயுளுக்கும் மாத்திரைதான்.”

உண்மை: மருந்து திடீரென இறங்கும்போது உடல் காட்டும் எதிர்வினையை, நோய் திரும்பிவிட்டதாக எடுத்துக்கொள்வதே இந்த விஷயத்தில் நடக்கும் பெரிய பிழை. மனச்சோர்வுக்கான மாத்திரைகளில் பெரும்பாலானவை மூளையில் செரட்டோனின் புழங்கும் விதத்தை மாற்றுகின்றன. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நரம்பு மண்டலம் அதற்கேற்பத் தன்னை ஒழுங்கு செய்துகொண்டிருக்கும். மருந்து போன மறுநாளே அது பழைய நிலைக்குத் திரும்பாது. அந்த இடைவெளியில் வருபவைதான் விலகல் அறிகுறிகள்: தலைசுற்றல், குமட்டல், காய்ச்சலுக்கு முன் வருவது போன்ற உடல்வலி, வியர்வை, தூக்கமின்மை, அச்சுறுத்தும் கனவுகள், தலையைத் திருப்பினால் உள்ளே கரண்ட் அடித்தது போன்ற அதிர்வு. கூடவே எரிச்சல், பதற்றம், அழுகை. இந்தக் கடைசி மூன்றும் மாத்திரை தொடங்குவதற்கு முன்பும் இருந்தவை என்பதால்தான் ஆள் குழம்பிப்போகிறார்.

பிரித்தறிய வழி இருக்கிறது. விலகல் அறிகுறிகள் பெரும்பாலும் மருந்தைக் குறைத்த சில நாள்களுக்குள் தலைகாட்டும். நோய் திரும்புவதென்றால் வழக்கமாக வாரங்களோ மாதங்களோ ஆகும், மெதுவாகக் கூடும். உடலில் நீண்ட காலம் தங்கும் ஃபுளுவாக்ஸெட்டின் இதற்கு விலக்கு. அதில் விலகல் அறிகுறிகளே சில வாரம் கழித்துத்தான் வரும். அடுத்து, தலைக்குள் கரண்ட் அடிப்பது, நடக்கும்போது தள்ளாடுவது போன்றவை மனச்சோர்வின் அறிகுறிகளே அல்ல. ‘முன்பு எனக்கு இப்படி இருந்ததில்லையே’ என்று நோயாளி சொன்னால் அதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். நிறுத்திய மருந்தை மீண்டும் கொடுத்ததும் ஓரிரு நாளில் தெளிந்துவிட்டால், அதுவும் விலகல்தான் என்பதற்கு வலுவான சான்று. நோயே திரும்பியிருந்தால் மருந்து வேலை செய்ய வாரங்கள் பிடித்திருக்கும்.

அதற்காக நோய் திரும்பவே வராது என்று சொல்ல முடியாது. நீண்ட காலமாக மாத்திரை எடுத்து, நலமாக இருந்த 478 பேரை வைத்து பிரிட்டனில் நடந்த ஆய்வு 2021-இல் வெளியானது. மாத்திரையைத் தொடர்ந்தவர்களில் ஓராண்டுக்குள் 39 சதவீதம் பேருக்கும், படிப்படியாக நிறுத்தியவர்களில் 56 சதவீதம் பேருக்கும் மனச்சோர்வு திரும்பியது. நிறுத்துவதில் ஆபத்து உண்டு என்பதை இந்த எண்கள் மறைக்கவில்லை. ஆனால் நிறுத்திய நூறு பேரில் 44 பேருக்கு அந்த ஓராண்டில் நோய் திரும்பவில்லை என்பதையும் இதே எண்கள்தான் சொல்கின்றன. ‘உனக்கு வாழ்நாள் முழுக்க மாத்திரை’ என்று ஒருவரிடம் சொல்வதற்கு முன், அவருக்கு வந்தது நோயா விலகலா என்று பார்த்தாக வேண்டும். அப்படிப் பார்க்காமல் சொல்வது அநியாயம்.

நம்பிக்கை: “ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டால் சரியாகிவிடும்.”

உண்மை: பலருக்குச் சரியாகிவிடும். எல்லோருக்கும் இல்லை. முதல் தலைமுறை மனச்சோர்வு மருந்தான இமிப்ரமினை நிறுத்தும்போது உடல் அவதிப்படுகிறது என்று 1959-லேயே மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். இருந்தும், அறிகுறிகள் லேசானவை, சுமார் ஒரு வாரத்தில் அடங்கிவிடும் என்றே பிரிட்டனின் அரசு வழிகாட்டுதல் பல ஆண்டுகள் சொல்லிவந்தது. அவதிப்பட்டவர்கள் விடாமல் குரல் கொடுத்ததன் பிறகு, 2019-இல் அந்த வாசகம் திருத்தப்பட்டது; சிலருக்கு அறிகுறிகள் கடுமையாகவும் மாதக்கணக்கிலும் நீடிக்கலாம் என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. அங்குள்ள மனநல மருத்துவர்களின் ராயல் காலேஜும் அதே ஆண்டு தன் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டது.

எத்தனை பேருக்கு வரும் என்பதில் இன்னும் வாதம் நடக்கிறது. 2024-இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வந்த தொகுப்பாய்வில், மாத்திரையை நிறுத்தியவர்களில் 31 சதவீதம் பேருக்கு அறிகுறிகள் இருந்தன. மருந்தே இல்லாத போலி மாத்திரையை நிறுத்தியவர்களிலும் 17 சதவீதம் பேர் அவதியைச் சொன்னார்கள். கடுமையாக அவதிப்பட்டவர்கள் சுமார் 35 பேரில் ஒருவர். பல ஆண்டுகள் மாத்திரை எடுத்தவர்கள் இந்த ஆய்வுகளில் குறைவு என்ற விமர்சனமும் நியாயமானதே. பயந்து நடுங்க வேண்டியதில்லை. ‘உனக்கு மட்டும் என்ன’ என்று அவதிப்படுபவரை ஏசவும் கூடாது.

நம்பிக்கை: “பழகிப்போச்சு. குடிக்கு அடிமையாவது மாதிரிதான்.”

உண்மை: இல்லை. அடிமையாதல் என்றால் ஏக்கம், மேலும் மேலும் வேண்டும் என்ற வெறி, அதற்காக மற்றதையெல்லாம் கைவிடுவது. மனச்சோர்வு மாத்திரைக்காக யாரும் அப்படி அலைவதில்லை. உடல் பழகிவிடுகிறது, அவ்வளவே. ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் ப்ரொப்ரனலாலையும் திடீரென நிறுத்தக் கூடாது. அதை எடுப்பவரை யாரும் அடிமை என்பதில்லை.

நம்பிக்கை: “பாதியாக்கு, அப்புறம் கால், அப்புறம் நிறுத்து. அதுதான் படிப்படியாகக் குறைப்பது.”

உண்மை: இங்கேதான் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒழுங்காகக் குறைத்தவர்களும் தடுக்கி விழும் இடம் இது.

மாத்திரையின் அளவும் மூளையில் அதன் வேலையும் ஒரே விகிதத்தில் கூடுவதில்லை. சிட்டலோப்ராம் என்ற மருந்தை எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் அதிகம் எழுதப்படும் எஸ்சிட்டலோப்ராமுக்கு நெருங்கிய உறவு. மூளையை ஸ்கேன் செய்து பார்த்ததில், 60 மி.கி. எடுக்கும்போது செரட்டோனினைத் திரும்ப உறிஞ்சும் வாயில்களில் ஏறத்தாழ 88 சதவீதத்தை மருந்து அடைக்கிறது. 20 மி.கி.யிலேயே 80 சதவீதம் அடைபடுகிறது. 9 மி.கி.க்கு 70 சதவீதம். 3.4 மி.கி. போதும், பாதி வாயில்கள் அடைபட. வெறும் 0.4 மி.கி.க்குக்கூட 10 சதவீதம். பசியோடு உட்கார்ந்தவருக்கு முதல் இட்லி தரும் நிறைவை எட்டாவது இட்லி தருவதில்லை. மருந்தின் முதல் சில மில்லிகிராமும் அப்படித்தான்.

இப்போது ‘பாதி, கால், நிறுத்தம்’ கணக்கைப் போட்டுப் பாருங்கள். 20-லிருந்து 10-க்கு இறங்கும்போது மூளைக்குப் பெரிய மாற்றமில்லை. ‘இவ்வளவு சுலபமா’ என்று தைரியம் வருகிறது. 10-லிருந்து 5, அதுவும் ஓரளவு தாங்குகிறது. 5-லிருந்து பூஜ்யத்துக்குப் போகும்போது ஏறத்தாழ 60 சதவீதத்திலிருந்து ஒரே குதி. கையில் இருப்பது சின்னத் துண்டு மாத்திரை. அதை விடுவதுதான் மிகப் பெரிய இறக்கம். ‘இவ்வளவு குறைந்த அளவை நிறுத்தியதற்கா இந்தப் பாடு, எல்லாம் உன் மனப்பிரமை’ என்று அந்த நேரத்தில் சொல்லப்படுவது எவ்வளவு கொடுமை!

2019-இல் மார்க் ஹோரோவிட்ஸ், டேவிட் டெய்லர் இருவரும் இந்தக் கணக்கை விரித்து எழுதினார்கள். ஹோரோவிட்ஸ் மனநலத் துறையில் பயிற்சி பெற்றவர். தாமும் இந்த மாத்திரையை நிறுத்த முயன்று அவதிப்பட்டதை வெளிப்படையாகச் சொன்னவர். அவர்கள் சொல்வது, ஒவ்வொரு முறையும் அப்போது எடுக்கும் அளவில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டும். அளவு இறங்க இறங்க, குறைப்பதும் சிறிதாகிக்கொண்டே வர வேண்டும். கடைசிக் கட்டம்தான் மிக மெதுவாக நடக்க வேண்டியது. பிரிட்டனின் 2022 வழிகாட்டுதலும் இந்த முறையை ஏற்றுக்கொண்டது. சிலருக்கு இரண்டு மாதத்தில் முடியும். பல ஆண்டு எடுத்தவருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம்.

ஒரு மி.கி., அரை மி.கி. மாத்திரைக்கு எங்கே போவது? நெதர்லாந்தில் நாளுக்கு நாள் அளவு குறையும்படி பொட்டலமிட்ட பட்டைகளே தயாரிக்கிறார்கள். நம்மிடம் அது இல்லை. சில மருந்துகள் திரவ வடிவில் கிடைக்கின்றன. எது கிடைக்கும், எதை உடைக்கலாம் என்று மருத்துவரையும் மருந்தாளுநரையும் கேட்டே ஆக வேண்டும். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரைகளை நசுக்கவோ பொடிக்கவோ கூடாது. மருந்து மொத்தமாக ஒரே நேரத்தில் இறங்கிவிடும்.

நம்பிக்கை: “ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிட்டால் மெல்ல விட்டுவிடலாம்.”

உண்மை: பெரும்பாலான மருந்துகளுக்கு இது ஏற்ற வழியல்ல. வென்லாஃபாக்ஸின் ஏறத்தாழ 5 மணி நேரத்தில் ரத்தத்தில் பாதியாகிவிடும், பராக்ஸெட்டின் ஏறத்தாழ ஒரு நாளில். ஒரு நாள் விட்டால் அளவு சரிந்து, மறுநாள் ஏறி, உடல் தினமும் சிறு விலகலை அனுபவிக்கும். தினமும், அதே நேரத்தில், குறைந்த அளவு என்பதுதான் முறை.

நம்பிக்கை: “அது வெறும் தூக்க மாத்திரை. நினைத்தால் நிறுத்தலாம்.”

உண்மை: இந்தப் பட்டியலிலேயே உயிருக்கு ஆபத்தான நம்பிக்கை இதுதான். அல்பிரசோலாம், குளோனசெபாம், டயசெபாம், லோரசெபாம் ஆகியவை ஒரே குடும்பம். சில வாரங்களுக்கு மட்டும் கொடுக்க வேண்டிய இவற்றைப் பழைய சீட்டைக் காட்டியே வருடக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுபவர்கள் இருக்கிறார்கள். இவற்றுக்கு அடிமையாகிற ஆபத்தும் உண்டு, உடல் பழகுவதும் உண்டு. நீண்ட நாள் எடுத்துவிட்டுத் திடீரென நிறுத்தினால் கை நடுக்கம், கடும் பதற்றம், மனக்குழப்பம், வலிப்புகூட வரலாம், உயிரிழப்பும் நேர்ந்திருக்கிறது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல் இந்த மருந்துகள் அனைத்தின் மீதும் இதற்கான உச்ச எச்சரிக்கையை அச்சிடச் செய்தது.

இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஹெதர் ஆஷ்டன் என்ற மருத்துவப் பேராசிரியர் 1982 முதல் 1994 வரை, இந்த மாத்திரைகளை விட விரும்பியவர்களுக்கென்றே ஒரு கிளினிக் நடத்தினார். நோயாளிகளிடம் கேட்டுக் கேட்டு அவர் எழுதிய கையேடு இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. வேகத்தை நோயாளியின் உடல்தான் தீர்மானிக்க வேண்டும் என்பது அவர் பாடம். 2025-இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல், இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை 5 முதல் 10 சதவீதம் குறைப்பதில் தொடங்கச் சொல்கிறது.

நம் நாட்டுக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. எஸ்சிட்டலோப்ராம் 10 மி.கி., குளோனசெபாம் 0.5 மி.கி. இரண்டும் சேர்ந்த ஒற்றை மாத்திரை இங்கே பரவலாக எழுதப்படுகிறது. ‘டிப்ரஷன் மாத்திரை’ என்று மட்டுமே நோயாளிக்குத் தெரியும். அதை நிறுத்தினால் இரண்டு விலகல்கள் ஒரே நேரத்தில் தாக்கும். எது எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது. அட்டையின் பின்பக்கத்தில் மருந்துகளின் பெயர் இருக்கும், படித்துப் பாருங்கள். இரண்டு பெயர் இருந்தால் தனித்தனி மாத்திரையாக மாற்றித் தரச் சொல்லி, ஒன்றன்பின் ஒன்றாகக் குறைக்க வழி கேளுங்கள்.

தூக்க மாத்திரையைக் குறைக்கும் நாள்களில், தூக்கம் வரவில்லை என்று ஒரு கட்டிங் போடுவது மிக மோசம். மூளையில் இந்த மாத்திரை தொடும் அதே இடத்தைத்தான் மதுவும் தொடுகிறது.

நம்பிக்கை: “மனநல மருந்தெல்லாம் ஒன்றுதான். ஒருவர் நிறுத்திய மாதிரியே மற்றவரும் நிறுத்தலாம்.”

உண்மை: லித்தியத்தைத் திடீரென விட்டால் மன எழுச்சி நோய் வேகமாகத் திரும்பலாம், குறைந்தது நான்கு வாரம், முடிந்தால் மூன்று மாதம் எடுத்துக் குறைக்க வேண்டும். மனச்சிதைவு மருந்தான குளோசபின் 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவில் மீண்டும் தொடங்கக் கூடாது. மிகச் சிறிய அளவிலிருந்து, மருத்துவர் கண்காணிப்பில் ஏற்ற வேண்டும். கர்ப்பம் உறுதியானதும் பயந்து எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்துவதும் தவறு. வால்ப்ரோயேட் போன்றவை கருவுக்குக் கேடு செய்பவை என்பது உண்மை. அதனால்தான் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நம்பிக்கை: “வந்தால் தாங்கிக்கொள்ள வேண்டியதுதான், வேறு வழியில்லை.”

உண்மை: வழி உண்டு. தாங்க முடியாத அறிகுறி வந்தால் கடைசியாக நன்றாக இருந்த அளவுக்குத் திரும்பி, சில வாரம் அங்கேயே நிலைத்து, பிறகு இன்னும் சிறிய படியாக இறங்கலாம். இது தோல்வி ஆகாது. தேர்வு, பிரசவம், வேலை மாற்றம், வீட்டில் துக்கம் ஆகியவை சூழ்ந்த நேரத்தில் குறைக்கத் தொடங்காதீர்கள். எந்தத் தேதியில் எவ்வளவு குறைத்தீர்கள், என்ன செய்தது என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். நோயா விலகலா என்று மருத்துவர் முடிவுசெய்ய அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. மாலைக்குப் பின் காபி வேண்டாம். தலை சுற்றும் நாளில் பைக்கை எடுக்காதீர்கள். முதல் முறை மனச்சோர்வு வந்தவர்கள், நலமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் மாத்திரையைத் தொடர்ந்த பின்பே குறைப்பதைப் பற்றிப் பேச வேண்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த வாரங்களில் அவர் எரிந்து விழுந்தால் பதிலுக்கு எரிந்து விழாதீர்கள். ‘மறுபடி ஆரம்பிச்சிட்டியா’ என்று கேட்காதீர்கள். எந்தத் தேதியில் எவ்வளவு குறைத்தார் என்று கேளுங்கள்.

குறைக்க வேண்டும் என்று தோன்றினால் மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். அது கேட்பதற்கு உங்களுக்கு உரிமையுள்ள சிகிச்சை. கேட்டதற்கே கோபிப்பவராக இருந்தால் வேறொரு மருத்துவரிடம் போகலாம். வலிப்பு, இல்லாத குரல் கேட்பது, ஆள் இடம் தெரியாத குழப்பம், உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த ஆலோசனை நாள்வரை காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பேச ஆள் வேண்டுமென்றால், இந்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-இல் 24 மணி நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம். இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் எண் 1926.