விரலில் சுருட்டிய நார்

புதுச்சேரிப் பெரிய மார்க்கெட்டில் வாழைத்தண்டு விற்கும் அம்மாள் ஒருவர், தண்டை வில்லை வில்லையாக அரிந்து, அரிவாளோடு இழுபட்டு வரும் நூலை ஆட்காட்டி விரலில் சுற்றிச் சுருளாக ஒதுக்கிக்கொண்டிருந்தபோது, அருகில் நின்ற பெரியவர், “நார்தானே உடம்புக்கு நல்லதுங்கறாங்க, அதையே எடுத்துப் போடறியேம்மா?” என்று மெய்யான வருத்தத்துடன் கேட்டார். “அது தொண்டையிலே சிக்கும் ஐயா, தண்டுலதான் எல்லாம் இருக்கு” என்றார் அந்த அம்மாள். சரீர சாஸ்திரம் பயின்றவர் எவரும் அதைவிடச் சரியாக விடை கூறியிருக்க முடியாது.

நார்ச்சத்து என்று நாம் வைத்துக்கொண்ட பெயரே இக்குழப்பத்துக்குப் பாதிக் காரணம் என்பது என் அபிப்பிராயம். கண்ணுக்கு நூலாகத் தெரிவது அதில் ஒரு வகையே. வெண்டைக்காயின் கொழகொழப்பும், கொய்யாப் பழத்தின் பெக்டினும், சின்ன வெங்காயத்திலும் பூண்டிலும் கரைந்து கிடக்கும் இனுலினும், வடித்த சோறு ஆறும்போது இறுகிக்கொள்ளும் மாவின் ஒரு பகுதியும், நம்முடைய ஜீரண நீர்களுக்கு மசியாமல் பெருங்குடல் வரை போய்ச் சேர்வதால், நார்ச்சத்து என்றே எண்ணப்பட வேண்டியவை.

அப்படிப் போய்ச் சேர்வது வெறும் சக்கை, மலத்தோடு கழிந்துவிடும் என்பது நம்மிடையே வேரூன்றிய நம்பிக்கை. இதைப் பொய்ப்பித்த பரிசோதனைகளில் ஒன்று நமக்கு அண்டையிலேயே, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்தது. ஜீரணமாகாத மக்காச்சோள மாவை உப்பு-சர்க்கரைக் கரைசலில் கலந்து காலரா நோயாளிகளுக்குக் கொடுத்து, பேதி குறைந்ததையும் விரைவில் நின்றதையும் டாக்டர் பி. எஸ். ராமகிருஷ்ணாவும் அவருடைய சகாக்களும் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். அந்த மாவைப் பெருங்குடலின் பாக்டீரியாக்கள் புளிக்கவைத்துக் குறுங்கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. அவ்வமிலங்களின் உதவியால் குடல் உப்பையும் நீரையும் மீண்டும் உறிஞ்சிக்கொள்கிறது. அவற்றுள் பியூட்டிரேட் என்பது குடற்சுவரின் அணுக்களுக்கே பிரதான ஆகாரம். சக்கையென்று நாம் ஒதுக்கியது உயிர் காக்கும் காரியத்தில் துணை நின்றிருக்கிறது. எலிகளிடம் நடந்த பிற்காலப் பரிசோதனை ஒன்றில், நார்ச்சத்தே இல்லாத தீனியைக் கொடுத்தபோது, பசித்த பாக்டீரியாக்கள் குடலைப் போர்த்தியிருக்கும் சளிப்படலத்தையே தின்னத் தொடங்கியதையும் கண்டிருக்கிறார்கள்.

2019-21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, புதுச்சேரியில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் ஏறத்தாழ 46 சதவீதத்தினர் அதிக எடை உடையவர்கள். ஆகையால், இக்குடற்கிருமிகளுள் பருமனுக்குக் காரணமான ஒன்று உண்டு, அதை ஒழித்தால் உடல் இளைக்கும் என்னும் பேச்சு இங்கே எளிதில் பரவுகிறது. இதற்கு மூலம் இல்லாமலில்லை. 2006-இல் அமெரிக்காவில் ஜெஃப்ரி கார்டனின் ஆய்வுக்கூடத்தார், பருத்த எலியின் குடற்கிருமிகளைக் கிருமியற்ற எலிக்குள் செலுத்தியபோது அதற்குக் கொழுப்பு கூடுதலாகச் சேர்ந்ததென்றும், பருத்த மனிதர் பன்னிருவரின் குடலில் ஃபிர்மிக்யூட்ஸ் என்னும் பாக்டீரியாக் குழு மிகுந்து பாக்டீராய்டீட்ஸ் என்னும் குழு குறைந்திருந்ததென்றும் காட்டினார்கள். ஆனால் பிற்பாடு பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து எடைபோட்டபோது அவ்விரு குழுக்களின் விகித வேறுபாடு மனிதரிடம் உறுதிப்படவில்லை. 2010-இல் அதே வேலூர்க் கல்லூரியார் பருத்த தென்னிந்தியச் சிறுவர் பதினைவரையும் இயல்பான எடையுள்ள பதின்மூவரையும் ஒப்பிட்டபோது, மிகுந்து காணப்பட்டது ஃபீகாலிபாக்டீரியம் பிராஸ்னிட்ஸி. குடல் அழற்சி நோயாளிகளிடம் குறைந்து காணப்படுவதால் நல்லதென்று மேல்நாட்டு நூல்கள் போற்றும் கிருமி அது! இருபத்தெட்டுக் குழந்தைகளைக் கொண்டு எதையும் நிர்ணயித்துவிட இயலாது. எனினும், பிற நாட்டார் குடலை அளந்து நம் குடலுக்குத் தீர்ப்பெழுதலாகாது என்பதற்கு அது போதும்.

நல்ல கிருமியை விழுங்கினால் அது உள்ளே குடியேறிவிடும் என்னும் நம்பிக்கை மிகப் பழையது. இவ்வூர் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த 1907-இல், பாரிஸ் பாஸ்டர் நிலையத்தின் விஞ்ஞானி மெச்னிகாஃப், பல்கேரியத் தயிரின் கிருமி குடலிலுள்ள அழுகற்கிருமிகளை விரட்டி ஆயுளை நீட்டும் என்று எழுதினார். அக்கிருமி மனிதக் குடலில் தங்குவதில்லை என்று பின்வந்தோர் கண்டார்கள். ஜப்பானில் லாக்டோபாசில்லஸ் காஸெரி என்ற இனத்தில் ஒரு வகையைப் பன்னிரண்டு வாரம் பாலில் அருந்தியவர்களுக்கு வயிற்றினுள் உறுப்புகளைச் சுற்றிச் சேரும் கொழுப்பின் பரப்பு சராசரி 4.6 சதவீதம் குறைந்தது மெய்யே. மற்றோர் ஆய்வில், அருந்துவதை நிறுத்திய நான்கே வாரத்தில் அப்பலன் மங்கியதும் மெய்யே. எந்த வகை, எவ்வளவு, எந்த நலனுக்கு என்று பரிசோதித்து அறிந்ததற்கே புரோபயாட்டிக் என்ற பெயர் பொருந்தும். அவ்வளவையும் நம் வீட்டுத் தயிரிடம் கேட்பது நியாயமன்று. அது நல்ல ஆகாரம், அவ்வளவே. இரவெல்லாம் பொங்கிப் பாத்திரத்தின் மூடியைத் தள்ளும் இட்லிமாவில் உயிர்கள் கோடிக்கணக்கில் உண்டு. ஆனால் ஆவியில் வெந்து தட்டுக்கு வரும் இட்லியில் அவை உயிரோடு இருப்பதில்லை.

நார்ச்சத்து மட்டும் எடையைக் குறைத்துவிடுமா என்றால், குறைப்பது சிறிதே. பசியைத் தாமதப்படுத்துவதும் குடலைப் பேணுவதும் அதனால் கிடைக்கும் நிச்சயமான லாபம். நாளொன்றுக்கு 30 கிராம் அளவில் வேண்டும் என்கிறார்கள். தீட்டிய அரிசிச் சோற்றையும் வெள்ளை ரொட்டியையும் கொண்டு அதை எட்டுவது அரிது. சுண்டல், கீரை, அவரை, கேழ்வரகு, வாழைத்தண்டு ஆகியவை சேர்ந்தால் எட்டலாம்.

இவற்றைத் திடீரென்று கூட்டியவர்கள் இரண்டாம் நாளே வயிறு உப்பி, வாயு சேர்ந்து, ஒத்துக்கொள்ளவில்லை என்று கைவிட்டுவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. அந்த வாயுவில் பெரும்பகுதி, பாக்டீரியாக்கள் புதிய ஆகாரத்தைப் புளிக்கவைப்பதால் எழுவது. முதல் வாரம் ஒரு கரண்டிச் சுண்டல், அடுத்த வாரம் இரண்டு என்று கூட்டிக்கொண்டு, கூடவே தண்ணீரும் தாராளமாகக் குடித்து வந்தால், பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் அந்த உப்புசம் தணிந்துவிடுகிறது.