செவியே கருவியாக

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஆபத்துக்காலத்தில் அழைக்க வேண்டிய எண் 911. அலபாமா மாநிலத்தின் ஹேலிவில் என்னும் சிற்றூரில் 1968ஆம் ஆண்டு இவ்வெண்ணில் முதல் அழைப்பு விடுக்கப்பட்டது. தீப்பற்றினாலும் திருடர் புகுந்தாலும் நெஞ்சு வலித்தாலும் எண் ஒன்றே. நாளடைவில் பல்வலிக்கும், ஆறாத இருமலுக்கும், தீர்ந்துபோன மாத்திரைக்கும்கூட மக்கள் அதனையே அழைக்கலாயினர்.

இவர்களைப் பொறுப்பற்றவர் எனக் கடிதல் எளிது, முறையன்று. வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரோ, கையில் பணமோ, செல்ல வண்டியோ இல்லாதவர் இவர்களுள் பலர். அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் எவரையும் பணம் உண்டா எனப் பாராமல் பரிசோதிக்க வேண்டும் என 1986ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று பெரும்பாலான மருத்துவமனைகளைப் பணிக்கிறது. திறந்திருக்கும் கதவை நோக்கி அவர்கள் செல்வதில் வியப்பில்லை. ஆயினும், அவசர ஊர்தி இருமலுக்காகச் சென்றிருக்கும் வேளையில் அடுத்த தெருவில் ஒருவரின் இதயம் நின்றுபோகலாம். உயிர்மீட்பு முதலுதவி கிட்டாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் அவர் பிழைக்கும் வாய்ப்பை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைக்கிறது.

தலைநகர் வாஷிங்டன் இதற்கு 2018ஆம் ஆண்டு ஏப்ரலில் ஒரு வழி கண்டது. 911 அழைப்பு மையத்திலேயே பதிவுபெற்ற செவிலியர் அமர்த்தப்பட்டனர். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை எனத் தோன்றும் அழைப்புகள் அவர்களிடம் மாற்றப்படுகின்றன. அவர்கள் அருகிலுள்ள மருத்துவ நிலையத்திற்கு வழிகாட்டுகின்றனர். வீட்டிலேயே செய்துகொள்ளத்தக்க பராமரிப்பையும் விளக்குகின்றனர். அரசின் மருத்துவ உதவித் திட்டத்தில் உள்ளோர்க்குக் கட்டணமில்லா வாடகை ஊர்தியும் உண்டு. இத்திட்டத்தின் உயிர்நாடி அவ்வூர்தியே எனலாம். போக வழியற்றவரிடம் போகுமிடத்தை மட்டும் சொல்லி என்ன பயன்?

நோயரைத் தேவையின் அளவறிந்து பிரிக்கும் முறை புதிதன்று. நெப்போலியனின் படை மருத்துவர் டொமினிக் ழான் லாரே, காயமுற்ற வீரர்களைப் பதவி நோக்காது காயத்தின் கடுமை நோக்கியே கவனித்தார். ஆனால், அவர் கண்ணால் கண்டார், கையால் தொட்டார். தொலைபேசிச் செவிலியர்க்கோ செவி ஒன்றே கருவி. ஆதலால் வினாக்களின் வரிசை இன்றியமையாததாகிறது.

ஒருவர், 'மேல்வயிறு எரிகிறது' என்கிறார் எனக் கொள்வோம். அவர் உண்டது என்ன என்று செவிலியர் முதலில் வினவுவதில்லை. மூச்சு வாங்குகிறதா, வியர்க்கிறதா, வலி கைக்கோ தாடைக்கோ பரவுகிறதா என்றே தொடங்குகிறார். மாரடைப்பு, செரிமானக் கோளாறுபோல வேடமிட்டு வருவதுண்டு. முதியோரிடமும் நீரிழிவு உடையோரிடமும் அதனை அடையாளம் காண்பது இன்னும் கடினம். மிகக் கொடிய நோய் இல்லை எனத் தெளிந்த பின்னரே எளியதைக் கருதுதல் வேண்டும். சொற்களை மட்டுமன்றிச் சொற்களுக்கு இடையே இழுக்கும் மூச்சையும் அவர் கேட்கிறார். ஒரு தொடரை முடிக்க இயலாமல் இடைநிற்பவர், 'எனக்கு ஒன்றுமில்லை' என்று கூறினாலும் அக்கூற்றை அவர் அப்படியே ஏற்பதில்லை.

ஐயம் எழுந்த கணமே அவசர ஊர்தி புறப்படச் செய்யப்படுகிறது. அது வந்து சேரும்வரை அழைத்தவரின் இணைப்பைத் துண்டிக்காமல், வாயிற்கதவின் தாழை நீக்கிவிட்டு அசையாமல் அமர்ந்திருக்குமாறு செவிலியர் கூறுகிறார்.