முதுகில் விழுந்த கீறல்: ஜெலுத்தோங் வாசகிக்கு



பூப்பந்து ஆடும் உங்கள் 14 வயது மகனின் ரிப்போர்ட்டில் ‘ஸ்பாண்டிலோலிசிஸ்’ என்று எழுதியிருப்பதாகவும், முதுகெலும்பு உடைந்துவிட்டதோ, இனி நடப்பானோ என்று தூக்கமில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். நடப்பான். பொறுமையாக இருந்தால் மறுபடி ஸ்மாஷும் அடிப்பான்.

இடுப்புப் பகுதியில் ஐந்து முள்ளெலும்புகள். ஒவ்வொன்றின் பின்புறமும் இரு பக்கத்திலும், மேல் மூட்டையும் கீழ் மூட்டையும் இணைக்கும் ஒடுங்கிய எலும்புத்துண்டு உண்டு. உடம்பைப் பின்னால் வளைத்து, அதே வேகத்தில் திருப்பும்போது பாரமெல்லாம் அங்கேதான் இறங்கும். ஆயிரக்கணக்கான ஸ்மாஷுக்குப் பிறகு, பெரும்பாலும் ஐந்தாவது எலும்பில், கீறல் விழுகிறது. அதைத்தான் ஸ்பாண்டிலோலிசிஸ் என்கிறார்கள். சாய்ந்த கோணத்தில் எடுத்த எக்ஸ்ரேயில் அந்தப் பகுதி குட்டி நாய் போலத் தெரியும். கீறல் இருந்தால் நாயின் கழுத்தில் பட்டை கட்டியது போல ஒரு கறுப்புக் கோடு. டாக்டரிடம் கேளுங்கள், காட்டுவார். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றுமே தெரியாமல் போகலாம். எலும்புக்குள் வீக்கம் இருப்பதை எம்.ஆர்.ஐ. முன்கூட்டியே காட்டிவிடும்.

உங்கள் மாமியார் சொல்வதுபோல இது பிரசவத்தில் வந்த கோளாறு இல்லை. பிறந்த குழந்தைகளிடம் இந்தக் கீறல் காணப்படுவதில்லை. எழுந்து நடக்கத் தொடங்கிய பிறகே வருகிறது. சில குடும்பங்களில் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். பெரியவர்களில் நூற்றுக்கு ஆறு பேர் வரை இதோடு இருக்கிறார்கள், பலர் அது தெரியாமலேயே.

டென்னிஸ் லில்லியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1973-இல் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போனபோது அந்த ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளரின் கீழ் முதுகெலும்பில் கீறல்கள். பல வாரம் மாவுக்கட்டு, பிறகு நீண்ட உடற்பயிற்சி. ஆட்டம் முடிந்தது என்றே பேசினார்கள். 1974-75-இல் இங்கிலாந்துக்கு எதிராகத் திரும்பி வந்தவர், 355 டெஸ்ட் விக்கெட்டுகளோடு ஓய்வுபெற்றார். அதே மனிதர்தான் 1987-இல் சென்னையில் எம்.ஆர்.எஃப். பேஸ் ஃபவுண்டேஷனில் இந்தியப் பையன்களுக்குப் பந்துவீசக் கற்றுக்கொடுக்க வந்தார். இந்திய வேகப்பந்து வீச்சாளர் பும்ராவுக்கும் 2019-இல் கீழ்முதுகில் இதே மாதிரிக் கீறல்தான்.

நம் ஊரில் முதுகு பிடித்தால் சீன வைத்தியரான சின்சேயின் கடைக்கோ, எண்ணெய் போட்டு நீவிவிடும் மலாய்க்கார அம்மாவிடமோ போவது வழக்கம். தசைப்பிடிப்புக்கு நானும் போகிறவன்தான். இதற்கு வேண்டாம். முதுகை வளைத்துச் சொடக்கெடுக்க யாரையும் விடாதீர்கள்.

செய்ய வேண்டியது, அந்தப் பையனுக்குக் கசப்பாக இருந்தாலும், ஓய்வுதான். குறைந்தது மூன்று மாதம் ராக்கெட்டைத் தொடக்கூடாது. சில டாக்டர்கள் இடுப்புப் பட்டையும் போடச் சொல்வார்கள். வலி அடங்கியதும் பிசியோ வயிற்றுத் தசைக்கும் தொடைப் பின்தசைக்கும் பயிற்சி கொடுப்பார். வலி போய்விட்டதே என்று அவன் ஒரு மாதத்தில் கோர்ட்டுக்கு ஓடினால், ஆறவேண்டிய எலும்பு ஆறாமலே நின்றுவிடலாம். இரண்டு பக்கமும் கீறியிருந்தால், வளரும் வயதில் எலும்பு முன்னால் நழுவுகிறதா என்று டாக்டர் அவ்வப்போது பார்த்துக்கொள்வார். அறுவைச் சிகிச்சை அரிதாகவே தேவைப்படும். கால் மரத்துப்போனாலோ, பலவீனமானாலோ, சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ மட்டும் காத்திருக்காதீர்கள். நேரே ரெசிடென்சி சாலை பினாங்குப் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

நான் கோபப்படுவது பயிற்சி அட்டவணையின் மீது. பள்ளிக்கு ஒரு பயிற்சி, கிளப்புக்கு ஒன்று, சனி ஞாயிறு போட்டி. இரண்டு பயிற்றுநருக்கும் மற்றவர் வாங்கும் வேலை தெரியாது. முதுகு வலிக்கிறது என்று பையன் சொன்னால், சோம்பேறி என்கிறார்கள். வளரும் பிள்ளைக்கு இரண்டு வாரத்துக்கு மேல் முதுகுவலி நீடித்தால் டாக்டரிடம் காட்டுவதுதான் முறை. இந்தக் கடிதத்தை இருவரிடமும் காட்டுங்கள். அணித் தேர்வு நெருங்குகிறது என்பார்கள், மகனும் அழுவான். இந்த வருடம் எம்.எஸ்.எஸ்.எம். பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு அவனை அனுப்பாதீர்கள்.