மாத்திரையை நிறுத்தாதீங்க... சிக்கலைத் தீருங்க!

கர்ப்ப காலத்து வாந்தியைப் பற்றிப் பேச வீட்டில் எல்லோரும் தயார். மலச்சிக்கலைப் பற்றிப் பேசத்தான் யாருக்கும் வாய் வராது. கணவரிடம் சொல்லக் கூச்சம், மாமியாரிடம் சொல்லத் தயக்கம், டாக்டரிடம் போனால் 'இதையெல்லாமா கேட்கிறது?' என்று ஒரு நினைப்பு. கடைசியில் பலர் என்ன செய்கிறார்கள் தெரியுமா? 'எல்லாம் இந்த இரும்புச்சத்து மாத்திரையாலதான்' என்று முடிவு கட்டி, சத்தமில்லாமல் அதை நிறுத்திவிடுகிறார்கள். டாக்டர் கேட்டால், 'ஆங்... போட்டுக்கறேன் டாக்டர்!'

இங்கேதான் ஆபத்து. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டுக் கர்ப்பிணிகளில் 52 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. ரத்தம் குறைவாக உள்ள பெண்ணுக்குப் பிரசவத்தின்போது கொஞ்சம் அதிகமாக ரத்தம் போனாலும் உடம்பு தாங்காது. குழந்தையும் எடை குறைவாகப் பிறக்கலாம். சிக்கல் தீர்ந்தால்தான் மாத்திரை உள்ளே போகும். மாத்திரை போனால்தான் ரத்தம் ஊறும்.

அதோடு, பழி முழுவதையும் மாத்திரை மேல் போடுவதும் நியாயமில்லை. கர்ப்பமானதுமே உடம்பில் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் ஏகமாகச் சுரக்கிறது. கர்ப்பப்பை சுருங்காமல் தளர்த்தி வைப்பது அதன் வேலை. ஆனால், அந்தத் தளர்ச்சி குடல் தசைகளையும் விடுவதில்லை. குடல் ஆடி அசைந்து மெதுவாக வேலை பார்க்கிறது. மலம் பெருங்குடலில் தங்கத் தங்க, அதிலுள்ள தண்ணீரைக் குடல் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதனால்தான் ஆட்டுப் புழுக்கை மாதிரி இறுகிப் போகிறது. கடைசி மாதங்களில் கர்ப்பப்பையும் சேர்ந்து மலக்குடலை அழுத்தும். இதற்கு நடுவில், வாந்திக்குப் பயந்து நீங்கள் தண்ணீரைக் குறைத்து, 'அசையாம படு' என்று வீட்டிலும் படுக்க வைத்துவிட்டால் கேட்கவே வேண்டாம்!

முதல் வைத்தியம் சாப்பாட்டில். தினமும் 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து வேண்டும். நாம் தட்டு நிறையப் போட்டுக்கொள்ளும் வெள்ளைச் சாதத்தில் 100 கிராமுக்கு 1 கிராம்கூடத் தேறாது. அதே 100 கிராம் கொய்யாப்பழத்தில் 5 கிராமுக்கு மேல் இருக்கிறது. சாதத்தில் ஒரு கரண்டியைக் குறைத்து, அந்த இடத்தில் அவரைக்காயோ வாழைத்தண்டோ கீரையோ போட்டுக்கொள்ளுங்கள். நாலு மணிக்கு முறுக்கு, பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு கிண்ணம் சுண்டல். ராத்திரி பத்து உலர்திராட்சையை ஊறப் போட்டுக் காலையில் தண்ணீரோடு சாப்பிடலாம். சர்க்கரை இருப்பவர்கள் பழ அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே நாளில் நார்ச்சத்தை அள்ளிக் கொட்டினால் வயிறு உப்புசம்தான் வரும். ஒரு வாரத்தில் படிப்படியாகக் கூட்டுங்கள். தண்ணீர் 8 முதல் 10 டம்ளர். தண்ணீர் இல்லாத நார்ச்சத்து பிரயோஜனப்படாது.

காலையில் ஏதாவது சாப்பிட்டதும், சூடாகக் குடித்ததும் குடல் தானாக ஒரு தரம் அசைந்து கொடுக்கும். அந்த நேரத்தை நழுவ விடாதீர்கள். கூட்டுக் குடும்பத்தில் பாத்ரூமுக்கு வரிசை நிற்கிறது, ஆபீஸ் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று அடக்கி அடக்கியே பாதிப் பேருக்கு இந்தத் தொந்தரவு முற்றுகிறது. 'மருமகளுக்கு முதல்ல விடுங்க' என்று மாமியாரே சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும்! வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலடியில் குட்டி ஸ்டூல் வைத்து, முழங்கால் இடுப்பைவிட உயரமாக இருக்கும்படி உட்காருங்கள். முக்காதீர்கள். குழந்தை வந்துவிடும் என்ற பயத்துக்காகச் சொல்லவில்லை; முக்கினால் மூலம் வரும். டாக்டர் ஓய்வு சொல்லாதவரை, தினம் அரை மணி நேரம் மெதுவாக நடக்கலாம்.

இனி மாத்திரை. வெறும் வயிற்றில் ஒத்துக்கொள்ளாவிட்டால் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள். காபி, டீயோடு வேண்டாம். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். கால்சியம் மாத்திரையும் தனி வேளைக்கு. அப்படியும் முடியவில்லையா? டாக்டரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். வேறு வகை இரும்பு மருந்து இருக்கிறது, ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடும் முறை இருக்கிறது, ஊசியும் உண்டு. எதைக் கொடுப்பது என்பதை அவர் தீர்மானிக்கட்டும். மலம் கறுப்பாகப் போனால் பயப்படாதீர்கள். இரும்பின் நிறம் அது. தார் மாதிரி பிசுபிசுப்பாக, கெட்ட நாற்றத்தோடு போனால்தான் கவலை.

பாட்டி வைத்தியமாக விளக்கெண்ணெய் மட்டும் கூடவே கூடாது. குடலைக் கிளப்புகிற அது கர்ப்பப்பையையும் கிளப்பிவிடும். நிலாவாரைச் சூரணமும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். இசப்கோல் பாதுகாப்பானது, ஒரு டீஸ்பூனை ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடித்துவிட வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் லாக்டுலோஸ் சிரப்பை டாக்டரே எழுதிக் கொடுப்பார்.

மலத்தோடு ரத்தம், வாந்தியோடு கடும் வயிற்றுவலி, காற்றுகூடப் பிரியாமல் வயிறு வீங்குவது, விட்டு விட்டு அடிவயிறு இறுகுவது... இதில் எது வந்தாலும் 'மூலமா இருக்கும்', 'வாயுவா இருக்கும்' என்று வீட்டிலேயே முடிவு கட்டாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மற்றபடி மாதாந்திர செக்கப்புக்குப் போகும்போது, எத்தனை நாளுக்கு ஒரு தரம் போகிறது, எந்த மாத்திரையை விட்டீர்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நீட்டிவிடுங்கள். கூச்சப்பட்டுச் சொல்லும் வேலை மிச்சம்.